ஏழு மணிச் சங்கும் மூன்றரை இட்லியும்

எவர்சில்வர் டப்பாவின் மூடியைத் திறந்ததும் இரும்பும் கிரீஸும் கலந்த ஒரு நெடி முதலில் மூக்கில் ஏறும். அதன் பின்னால், மெதுவாக, உள்ளேயே வியர்த்து நமுத்துப்போன போண்டாவின் வாசனை வரும். ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் குவார்ட்டர்ஸில் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இந்த வாசனை மறந்திருக்காது. தொழிற்சாலை கேன்டீனில் மதியம் மூன்று மணிக்கு டீயோடு ஒரு தீனியும் கொடுப்பார்கள். டீயை அங்கேயே குடித்துவிட்டு, தீனியை மட்டும் டப்பாவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவருவது எங்கள் வரிசை வீடுகளில் இருந்த அப்பாக்கள் அத்தனை பேருக்கும் வழக்கம். அதற்கு "நாலரை டப்பா" என்று பெயர். தொழிற்சாலையின் நாலரை மணிச் சங்கு ஊதி, சைக்கிள்கள் கூட்டமாகத் தெருவுக்குள் திரும்பும்போது நாங்கள் காம்பவுண்டுச் சுவரின் மேல் காகங்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம். எல்லா டப்பாவிலும் ஒரே கேன்டீனின் ஒரே போண்டாதான் இருக்கும். ஆனாலும் அடுத்த வீட்டு டப்பாவை எட்டிப் பார்க்காமல் நாங்கள் ஒரு நாளும் தின்றதில்லை.

எனக்குப் பதினோரு வயதான வருஷம் எங்கள் வீட்டு டப்பா நின்றுபோனது. அதற்குக் காரணம் அப்பாவின் ரத்தம்.

அப்பா தொழிற்சாலையில் கிரேன் ஓட்டுபவர். கூரையை ஒட்டி ஓடுகிற பெரிய கிரேன் அது. இரும்பு ஏணியில் ஏறிப்போய், உச்சியில் இருக்கும் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, டன் கணக்கான எஃகுத் துண்டுகளை ஆட்களின் தலைக்கு மேலாக நகர்த்திக் கொண்டுபோய் இம்மி பிசகாமல் இறக்கி வைக்க வேண்டும். கீழே நின்று கையால் சைகை காட்டுகிறவர் ஏகாம்பரம் மாமா. அவர் மேனாம்பேட்டுக்காரர், பரம்பரையாக அங்கே நிலம் வைத்திருந்த குடும்பம். அப்பா கோவில்பட்டிப் பக்கம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் பாதிதான் புரியும் என்று அம்மா கிண்டல் செய்வாள். ஆனால் மேலிருந்து அப்பாவும் கீழிருந்து மாமாவும் கையாலேயே பேசிக்கொண்டதில் ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

வருஷா வருஷம் நடக்கும் உடல் பரிசோதனையில் அப்பாவுக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் மூன்று மாதம் தவணை கொடுத்தார். மூன்று வேளை, நேரத்துக்கு, எளிமையான சாப்பாடு. நடுவில் எதுவும் கூடாது. தினமும் உடம்பு அசைய வேண்டும். மூன்று மாதம் கழித்து வெறும் வயிற்றோடு ரத்தப் பரிசோதனை. அதுவரை கூண்டில் ஏறக் கூடாது. சர்க்கரை இறங்கியிருந்தால் மறுபடி கிரேன். இல்லையென்றால் கீழே ஸ்டோர்ஸில் உட்கார்ந்து கையுறையும் சோப்பும் எடுத்துக் கொடுக்கிற வேலை. "மேலே உங்களுக்குக் கண் இருட்டிடுச்சுன்னா கீழே நிக்கிறவங்க கதி என்ன?" என்று டாக்டர் கேட்டாராம். கீழே நிற்கிறவர் ஏகாம்பரம் மாமா. அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துகொண்டு அப்பா அம்மாவிடம் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது. "மேல ஏறாம என்னால இருக்க முடியாது, பாத்துக்கோ." அவர் எதற்கும் முடியாது என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அம்மாவுக்கு அந்தக் காலத்திலேயே தீர்ப்புகளை ஒரே வரியில் சொல்லத் தெரியும். "இனிமே இந்த வீட்ல சங்கு ஊதுனாச் சோறு, ஊதலைன்னா தண்ணி" என்றாள். காலை ஏழு, பகல் பன்னிரண்டு, இரவு எட்டு என்று மூன்று சங்குக்கு மூன்று சாப்பாடு. நாலரைச் சங்குக்குச் சர்க்கரை போடாத ஒரு வாய்க் காபி, அதுவும் அப்பாவுக்கு மட்டும். ஒருத்தருக்கு மட்டும் வாய்க்கட்டு போட்டுவிட்டு மற்றவர்கள் அவர் எதிரே மென்றுகொண்டிருந்தால் அது பாவம் என்று, எனக்கும் ஏழு வயதுத் தம்பி குமாருக்கும் சேர்த்தே சட்டம் போட்டாள். ஊரிலிருந்து வந்திருந்த கடலைமிட்டாயும் காராச்சேவும் அன்றைக்கே பக்கத்து வீட்டுக்குப் போயின. "நொறுங்கத் தின்னா நூறு வயசுன்னு மாமா சொன்னாரே" என்று குமார் ஒரு கடைசி முயற்சி செய்து பார்த்தான். "அது சோத்தை நல்லா மெல்லச் சொன்னது, நாள் முழுக்க மெல்லச் சொன்னதில்ல" என்று அம்மா நாலரை டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள்.

எங்கள் பங்குப் போண்டா அதன்பின் எங்கே போனது என்று நீங்கள் கேட்கலாம். ஏகாம்பரம் மாமாவின் டப்பாவில் ஏறி மேனாம்பேட்டுக்குப் போனது. அவருக்கு மூன்று பெண்கள். என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்டது அந்த மூன்று பேரைப் பார்த்துத்தான்.

முதல் வாரம் உலகமே இருண்டுபோனது. பத்தரை மணிக்கு வயிறு கூப்பிடும், நாலரைக்குக் கத்தும், ஆறு மணிக்கு அழும். இரண்டாவது வாரத்தில்தான் எனக்கு ஒரு விசித்திரம் பிடிபட்டது. நாலரைக்கு வரும் பசி நாலே முக்காலுக்கு இருப்பதில்லை. மைதானத்தில் நாங்கள் கோகோ ஆடத் தொடங்கியதும் அது எங்கேயோ போய்விடும். வெளியே வந்து நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, கதவு திறக்கவில்லை என்றதும் போய்விடுகிற விருந்தாளி மாதிரி. ஆனால் இரவு எட்டு மணிச் சங்குக்கு வருகிற பசி அப்படி இல்லை. ரசத்தின் வாசனைக்கே கை தானாகத் தட்டுக்குப் போகும். அப்படியானால் நாலரைப் பசி பொய்யா? பொய்ப்பசியும் மெய்ப்பசியும் ஒரே வயிற்றில் எப்படிக் குடியிருக்கின்றன? இந்த ஆராய்ச்சி என்னைப் பிடித்துக்கொண்டது.

பசி வயிற்றிலிருந்து வருகிறதா, காதிலிருந்து வருகிறதா என்பது என் அடுத்த சந்தேகம். பன்னிரண்டு மணிச் சங்கு ஊதும்போதுதானே எனக்குப் பசிக்கிறது? சரி என்று ஒரு சனிக்கிழமை பதினொன்றரை மணிக்கே இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். சங்கு கேட்கவில்லை. ஆனால் எதிர்வீட்டு மாமாவின் சைக்கிள் தெருமுனையில் தெரிந்ததும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. பசி கண்ணாலும் வருகிறது என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை சங்கு கிடையாது, சைக்கிளும் கிடையாது. அன்றைக்கும் பன்னிரண்டரைக்குள் பசித்தது. அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "ஆராய்ச்சி பண்றவளுக்கு ரெண்டு கத்தரிக்கா நறுக்கிக் குடுக்கத் துப்பில்ல" என்றாள். காதில் அடைத்த பஞ்சு அவள் விளக்குத் திரிக்கு வைத்திருந்தது என்பதும் அப்போதுதான் தெரிந்தது, முதுகில் ஒன்று விழுந்தபோது.

சட்டத்தை நான் ஒரே ஒரு தடவை மீறினேன். ஏகாம்பரம் மாமாவின் நடு மகள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தபோது தன் பங்கிலிருந்து பாதிப் போண்டாவைக் கொடுத்தாள்; மரத்துக்குப் பின்னால் நின்று தின்றேன். அன்று இரவு எட்டு மணிச் சங்குக்கு அதே ரசம், அதே அவரைக்காய்ப் பொரியல். தட்டில் சோற்றை வட்டம் வட்டமாகத் தள்ளிக்கொண்டிருந்தேன். அம்மா ஒரு பார்வைதான் பார்த்தாள். "எங்க தின்ன?" என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை, அப்பா தலையைக் குனிந்துகொண்டு தன் தட்டைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு போண்டாத் துண்டால் ஓர் இரவுச் சாப்பாட்டின் ருசியே போய்விடும் என்பது என் நோட்டில் கடைசியாக எழுதிய கண்டுபிடிப்பு.

தின்னாமல் இருப்பதைக்கூட அப்பா பழகிக்கொண்டார். நடப்பதற்குத்தான் அவருக்கு வெட்கமாக இருந்தது. இப்போது போலக் கை வீசிக்கொண்டு சும்மா நடக்கிற வழக்கம் அப்போது எங்கள் குவார்ட்டர்ஸில் இல்லை. ஓர் ஆண்பிள்ளை தெருவில் நடந்தால் எங்கேயாவது போய்க்கொண்டிருக்க வேண்டும். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று நாலு வீட்டிலிருந்து கேட்பார்கள். முதல் நாள் அப்பா பதில் சொல்லத் தெரியாமல் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார். மறுநாள் அம்மா அவர் கையில் ஒரு மஞ்சள் பையைக் கொடுத்து, கூடவே என்னையும் அனுப்பினாள். "கறிவேப்பிலை வாங்கப் போறேன்னு சொல்லுங்க."

பை பலித்தது. யாரும் எதுவும் நினைக்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் எதிர்வீட்டு அத்தை, "அப்படியே எனக்கும் ஒரு கொத்து" என்றார்கள். அடுத்த நாள் இன்னொரு வீட்டில் கொத்தமல்லி, அதற்கடுத்த நாள் கோடி வீட்டுக்குத் தலைவலித் தைலம். சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வரலாம் என்று கிளம்பிய மனிதர் மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்புகிறவராக மாறிவிட்டார். போகும்போது வேகமாகவும், வரும்போது பை கனத்து இன்னும் வேகமாகவும் நடப்பார். நான் பின்னால் ஓட வேண்டியிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைச் சைக்கிளின் பின்னால் உட்காரவைத்து அயனம்பாக்கம் ஏரி வரைக்கும் மிதிப்பார். ஏரிக்கரையில் வண்டியைச் சாய்த்துவிட்டு, தன் இடுப்பு பெல்ட்டைக் காட்டி, "பாரு, ரெண்டு ஓட்டை உள்ள போயிருக்கு" என்பார். அந்த இரண்டு ஓட்டைதான் அப்போது எங்களுடைய ஒரே நம்பிக்கை.

இப்படி மூன்று மாதம் கழிந்து பரிசோதனை நாள் வந்தது. கோடை விடுமுறை. ஏழரைக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். முந்தின நாள் முழுவதும் அம்மா ஜபம் மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தாள். "நாளைக்குக் காலையில ஒண்ணும் சாப்பிடாமப் போகணும். வெறும் வயிறு. ஞாபகம் வச்சுக்கோங்க." அப்பாவும் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. அம்மா தட்டுகளைப் போட்டாள், நாங்கள் உட்கார்ந்தோம், இட்லி வந்தது, சாம்பார் வந்தது. மூன்று மாதமாக எங்கள் கையும் வாயும் எந்தச் சங்குக்குப் பழகியிருந்தனவோ அதே சங்கு. யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. அப்பா வழக்கம்போல நிதானமாக மென்று மூன்று இட்லியை முடித்துவிட்டு நாலாவதைப் பிட்டு, பாதியை வாயில் போட்டுக்கொண்டார். அப்போதுதான் குமார் கேட்டான்.

"அப்பா, இன்னிக்கு உங்களுக்கு ஊசி போட மாட்டாங்களா?"

அப்பாவின் கையில் மீதிப் பாதி இட்லி அப்படியே நின்றது. அம்மா கரண்டியோடு தலையில் அடித்துக்கொண்டாள். சாம்பார் நெற்றியில் வழிந்தது. "பாவி, நானே போட்டேனே, என் கையாலயே போட்டேனே" என்று அழ ஆரம்பித்தாள். மூன்று மாதம் கட்டிய வாயை, கட்டச் சொன்ன பழக்கமே அவிழ்த்துவிட்டது. குமாரும் அழுதான், தான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று தெரியாமல்.

துணைக்குப் போவதற்காக வந்த ஏகாம்பரம் மாமா அந்த நேரம் பார்த்து உள்ளே எட்டிப் பார்த்தார். "இன்னா அண்ணாத்தே, கையில இட்லி வச்சிகினு கீற!" என்றவர், விஷயம் புரிந்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஒண்ணும் ஆவாது. வாயக் கொப்பளிச்சிகினு வா. வெறும் வயிறுன்னு சொல்லு. யாருக்குத் தெரியப் போவுது?" என்றார்.

"வாயக் கொப்பளிக்கலாம் ஏகாம்பரம், ரத்தத்தக் கொப்பளிக்க முடியுமா?" என்றார் அப்பா. அதற்கு மேல் அவர் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "பொய் சொல்லி மேல ஏறிட்டா, கீழ நிக்கப்போறது நீதாம்ல." மாமா வாசற்படியிலிருந்து எழுந்தார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைத் திருப்பினார்.

நானும் அப்பாவின் சைக்கிளில் பின்னால் தொற்றிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கும் நர்ஸம்மா ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். "கடைசியா எப்ப சாப்டீங்க?"

"ஏழு மணிச் சங்குக்கும்மா. மூணரை இட்லி."

அந்த அம்மா ஊசியைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். டாக்டருக்குக் கோபம் வந்தது. "வெறும் வயித்தோட வரச் சொன்னேனா இல்லையா? எதுக்குச் சாப்பிட்டீங்க?"

"சங்கு ஊதுச்சு சார்" என்றார் அப்பா. வேறு என்ன சொல்வார்?

டாக்டர் அவரை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "அதுக்கு முன்னால எப்ப சாப்பிட்டீங்க?"

"நேத்து எட்டு மணிச் சங்குக்கு. ரெண்டு கேழ்வரகு அடை, கீரை."

"அதுக்கு முன்னால?"

"பன்னெண்டு மணிச் சங்குக்கு. சோறு, சாம்பார், வெண்டிக்கா."

"நடுவுல?"

"சக்கர இல்லாத ஒரு வாய்க் காப்பி. பெறகு தண்ணி."

டாக்டர் இன்னும் இரண்டு நாள் பின்னால் போய்க் கேட்டார். அப்பா தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவர் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கிற பையனாகத் தெரிந்தார். பயத்திலும் ஒரு பெருமை வந்தது. கடைசியில் டாக்டர் சிரித்துவிட்டார். "இந்தக் கேள்விக்கு இத்தனை சுத்தமா எனக்கு யாருமே பதில் சொன்னதில்லைங்க. நாளைக்கு மறுபடி வாங்க. நாளைக்கு மட்டும் சங்கு ஊதினா காதைப் பொத்திக்கோங்க."

மறுநாள் அம்மா எந்த ஆபத்துக்கும் இடம் வைக்கவில்லை. ஆறு மணிக்கே அப்பாவை வீட்டை விட்டு வெளியேற்றிவிட்டாள். ஏழு மணிச் சங்குக்கு அடுப்பில் இட்லிச் சட்டி இருந்தது, நாங்கள் மூன்று பேரும் அதைச் சுற்றி இருந்தோம், ஆனால் யாரும் சாப்பிடவில்லை. அப்பா வரட்டும் என்று யாரும் யாரிடமும் சொல்லவில்லை. குமார்கூடக் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்குப் பசித்ததா இல்லையா என்று கவனிக்க மறந்துவிட்டேன். ஆராய்ச்சிக்காரியின் தோல்வி அது.

மத்தியானம் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதி, தெருமுனையில் சைக்கிள் தெரிந்தது. ஓட்டி வந்தவர் ஏகாம்பரம் மாமா, பின்னால் அப்பா. மாமா தூரத்திலிருந்தே ஒரு கையை எடுத்து, கட்டைவிரலை வானத்தைப் பார்த்து இரண்டு தடவை உயர்த்தினார். தொழிற்சாலையில் "மேலே தூக்கு" என்பதற்கு அவர் காட்டுகிற சைகை அது. அம்மா உள்ளே ஓடிப்போய் இட்லியைத் தட்டில் போட்டாள். அந்தக் காலை இட்லியை மத்தியானச் சங்குக்கு, ஆறிப்போன சாம்பாரோடு, மாமாவையும் உட்காரவைத்து நாங்கள் ஐந்து பேரும் சாப்பிட்டோம். அதைவிட ருசியான சாப்பாட்டை நான் இன்னும் சாப்பிடவில்லை.

அப்பா அதன்பின் ஓய்வு பெறும்வரை கூண்டில் ஏறினார். நாலரை டப்பா மறுபடி நிறைந்து வரவே இல்லை. எங்களுக்கும் அது தேவைப்படவில்லை.

இப்போது நான் இருப்பது அந்த அயனம்பாக்கம் ஏரியைப் பார்த்த ஓர் அடுக்குமாடி வீட்டில், நாலாவது மாடியில். பசி என்று ஒன்று எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் வாசல்மணி அடித்து உணவுப் பொட்டலம் வந்துவிடுகிறது. எனக்கு ஒரு வேலையும் நாற்காலியும் இருக்கின்றன. நாற்காலிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் எப்போதும் ஒரு டப்பாவும் இருக்கிறது. முந்திரி, பிஸ்கட், உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிற ஏதோ ஒரு விதை. ஆவடியில் அந்தச் சங்கு இன்னும் ஊதுகிறதா என்று எனக்குத் தெரியாது. ஊதினாலும் நடுவில் இருக்கிற சாலைகளைத் தாண்டி இங்கே வராது.

போன வாரம் ஒரு காலையில் ரத்தம் எடுக்க ஒரு பெண் வீட்டுக்கே வந்திருந்தாள். எனக்கும் அப்பாவின் சர்க்கரை வந்துவிட்டதா என்று பார்ப்பதற்கு. கையில் பட்டையைக் கட்டிவிட்டுப் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள். "கடைசியா எப்ப சாப்டீங்கம்மா?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வரவில்லை. ராத்திரிச் சாப்பாடு ஒன்பதரைக்கா, பத்துக்கா? அதற்குப் பின் சீரியல் பார்த்துக்கொண்டே மகளின் பொட்டலத்திலிருந்து நான் எடுத்த சிப்ஸ்? படுக்கப் போகும்போது பிரிட்ஜைத் திறந்தேனே, அது எதற்கு? காலையில் வாயில் ஏதோ போட்ட மாதிரி இருக்கிறதே? அந்தப் பெண் பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இரண்டு நாள் பின்னால் போய்க் கேட்டாலும் தடுமாறாமல் சொன்ன மனிதரின் மகள், ஒரு ராத்திரியைச் சொல்லத் தெரியாமல் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, பசியை நான் கடைசியாக எப்போது பார்த்தேன் என்பதே நினைவில் இல்லாதது பயமாக இருந்தது.

"நாளைக்கு வாம்மா. நாளைக்குச் சரியாச் சொல்றேன்" என்று அவளை அனுப்பிவிட்டேன்.

அன்றைக்குப் பகல் சாப்பாட்டுக்குப் பின் மேஜை டப்பாவைக் காலி செய்து கழுவிக் கவிழ்த்தேன். நாலரை மணிக்குப் பசி வந்தது. பழைய பசிதான், அடையாளம் தெரிந்தது. அது போய்விடுமா என்று பார்க்க வேண்டும் போல இருந்தது. சமையலறையில் தொங்கிய துணிப்பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். வாசலில் காவலுக்கு இருக்கும் பெரியவர் ஆச்சரியமாகப் பார்த்து, "இன்னாம்மா, வண்டி எடுக்கல? எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார்.

"கறிவேப்பிலை வாங்க" என்று சொல்லிவிட்டு ஏரிக்கரைப் பக்கம் நடந்தேன்.